பதினைந்து வருடம் பார்த்த முதுகு

பக்கீருக்குக் கல்யாணமான புதிதில் அவன் மனைவி ஹலீமா கேட்டாள்: "என்ட முகத்தப் பாத்ததவிட அந்த ராயப்பன்ட முதுகப் பாத்ததுதானே கூட?" பக்கீர் கொஞ்சம் யோசித்துப் பார்த்தான். பொய் சொல்ல வாய் வரவில்லை. இடுப்புச் சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டான்.

அவள் சொன்னது நியாயம்தான். பூண்டுலோயா பஜாரில் மாமா இப்றாஹிமின் துணிக்கடையில் ஆறு நாள் வேலை. ஞாயிறானால் மலையேறிக் கல்லுமேட்டுத் தோட்டத்துக்குப் போய் அவர்கள் கால்பந்து டீமுக்குக் கோல் காப்பான். தோட்டத்தில் அத்தனை ஆம்பிளைகள் இருந்தும் பந்துக்கு முன்னால் கையை நீட்ட ஒருவனும் துணியவில்லை. விரல் பிசகினால் மறுநாள் யார் வேலை செய்வது? அதனால் பஜார்க்காரனுக்கு அந்த இடம் கிடைத்தது. அவனுக்கு முன்னால், கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி, வருகிறவனைத் தடுக்கும் பேக் இடத்தில் நின்றவன் இராயப்பன்.

பார்வைக்கு ஒன்றுமில்லாத ஆள். குட்டை. சரிந்த தோள், தடித்த கழுத்து, வெறுங்கால். தோட்டத்தில் தேயிலை ஆலையை ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். அந்த ஸ்டோரில் ரோலர் மெஷினில் வேலை. வாடிய கொழுந்தைப் போட்டு முறுக்கிப் பிசையும் இரும்பு ராட்சசன் அது. அது ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் செத்து விழுந்தாலும் சத்தம் கேட்காது.

பிரஜாவுரிமைச் சட்டம் வந்த மறு வருடம், 1949இல், பக்கீர் முதல் தடவையாக அவன் பின்னால் நின்றான். எதிரில் றொசல்லப் பக்கத்திலிருந்து வந்த டீம். அவர்களிடம் காற்று மாதிரி ஒரு முன்னணி ஆட்டக்காரன் இருந்தான். இடுப்பை இந்தப் பக்கம் காட்டி அந்தப் பக்கம் போவான். கல்லுமேட்டு ஆட்கள் மூன்று பேர் அவன் காட்டிய பக்கம் போய் விழுந்தார்கள். இராயப்பன் போகவில்லை. அவன் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் மாதிரி நின்றான். வந்தவன் ஒரு கணம் பந்தை அரை அடி கூடத் தட்டிவிட்டான். அவ்வளவுதான். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பேர் கூப்பிட்டதும் ஆள் முன்னால் வந்து நிற்பதுபோலப் பந்து இராயப்பன் காலில் வந்து நின்றது. மோதல் இல்லை, உருளல் இல்லை. வந்தவன் பந்தில்லாமலே இன்னும் நாலு அடி ஓடிப்போய்த் திரும்பிப் பார்த்தான்.

பக்கீர் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அன்று முழுக்க அவன் கைக்கு வந்தது இரண்டே பந்து. இரண்டும் இராயப்பன் திருப்பித் தட்டிக் கொடுத்தவை.

அதைவிடப் பெரிய அதிசயம் ஒன்று இருந்தது. உயரப் பந்து வந்தால் பக்கீர் கோலை விட்டு வெளியே பாய்ந்து, "விடு! என்ட பந்து!" என்று கத்துவான். இராயப்பன் திரும்பிப் பார்க்கமாட்டான். தலையை ஒரு சாண் தாழ்த்தி ஒதுங்குவான். பக்கீர் அவன் தலைக்கு மேலாகப் பந்தைப் பிடிப்பான். மற்ற டீம்களில் கீப்பரும் பேக்கும் மோதிப் பல்லை உடைத்துக்கொள்வது வழக்கம். இவர்கள் இரண்டு பேரும் ஒரு தடவைகூடத் தோள் உரசவில்லை. தன் குரலுக்கு அப்படி ஒரு மரியாதை என்று நாலு வருடம் பக்கீர் நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தான்.

அந்த நினைப்பு 1953 மே மாதம் உடைந்தது.

கொழுந்து பெருகிய காலம். ஞாயிற்றுக்கிழமையும் மலையில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். விளையாட்டு மைதானம் ஸ்டோருக்குக் கீழேதான் இருந்தது. ஹட்டன் டவுன் டீம் வந்திருந்தது. கல்லுமேடு ஒரு கோல் முன்னால். ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது டவுன்காரன் ஒருவன் பந்தோடு கோலை நோக்கி வந்தான். அந்த நேரம் பார்த்து ஸ்டோர் சங்கு ஊதியது.

சங்கு ஊதினால் மலையில் இருப்பவர்கள் நிமிர வேண்டும், வேலையை விட வேண்டும், நிறுவைக்கு இறங்க வேண்டும். பிறந்த நாளிலிருந்து கேட்ட சத்தம். கல்லுமேட்டு ஆட்கள் ஒன்பது பேரும் நின்றுவிட்டார்கள். ஒருவன் கையை உதறி இடுப்பில்கூட வைத்துக்கொண்டான். பஜாரில் பிறந்த பக்கீருக்குச் சங்கு ஒன்றும் செய்யாது. ஆனால் தன் டீம் மொத்தமும் கல்லாகி நிற்பதைப் பார்த்து அவனும் திகைத்துப்போனான். டவுன்காரனுக்கும் சங்கு ஒன்றும் செய்யாது. அவன் வந்துகொண்டே இருந்தான்.

இராயப்பன் மட்டும் அசைந்தான். இரண்டு எட்டு. பந்தை எடுத்து ஓரமாகத் தட்டிவிட்டான். சங்கு அப்போதும் ஊதிக்கொண்டிருந்தது.

ஆட்டம் முடிந்ததும், கோட்டுக்கு வெளியே நின்று டீமை நடத்தும் தோட்டத்து ஆபீஸ்காரர் ஜோர்ஜ் கிளாக்கர் குதித்தார். "சங்கு ஊதுனா நிக்கிறதுக்கு நீங்க என்ன கொழுந்தா எடுத்தீங்க? முதுகுல கூடை இருந்துச்சா?"

"இல்லீங்க ஐயா. காலு தானா நின்னுருச்சுங்க" என்றான் ஒருவன்.

"ராயப்பன் காலு மட்டும் ஏன் நிக்கல? அவன் என்ன சீமையிலயா பொறந்தான்?"

எல்லோரும் சிரித்தார்கள். பக்கீருக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் இராயப்பனைத் தேடிப் போனான்.

இராயப்பன் பீலியில் தண்ணீர் விழும் இடத்தில் குனிந்து கால் கழுவிக்கொண்டிருந்தான். பக்கீர் பின்னால் போய் நின்றான். "அண்ணே, நீங்க ஏன் நிக்கல?"

பதில் இல்லை.

"அண்ணே!"

இராயப்பன் விரலிடுக்குச் சேற்றைத் தோண்டிக்கொண்டிருந்தான். பக்கீர் ஒரு முழத்தில் நின்றுகொண்டு, கோலில் கத்துகிற அதே கத்தலைக் கத்தினான்: "விடு! என்ட பந்து!" மேலே ஸ்டோர் வாசலில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். இராயப்பன் அடுத்த காலைக் கழுவ ஆரம்பித்தான்.

பிறகு நிமிர்ந்து திரும்பினான். பக்கீரின் முகத்தைப் பார்த்தான். முகத்தில் இருந்ததை முழுக்கப் படித்துவிட்டான்.

"வீட்டுக்கு வா" என்றான்.

லயத்து வரிசை வீடுகளில் அவன் குடியிருந்த ஒற்றை அறைக் காம்பராவில் மனைவி சிசிலி பால் விடாத சாயத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். விஷயம் கேட்டதும் கதவைச் சாத்தினாள். நாலு பிள்ளைகளையும் வெளியே விரட்டியிருந்தாள்.

"ஒரு காத ஸ்டோரு தின்னுருச்சு. மத்தத மூத்தவ பொறந்த வருசம் வந்த காய்ச்சல் தின்னுருச்சு" என்றான் இராயப்பன். "ரோலர் ரூம்ல எல்லாருமே வாயப் பாத்துத்தான் பேசுவோம். அதனால ஒருத்தனுக்கும் தெரியல."

"தெரிஞ்சா மெஷின்ல நிக்க விடமாட்டாங்க தம்பி" என்றாள் சிசிலி. "மணி அடிச்சாக் கேக்காதவன் மெஷினுக்கு ஆகமாட்டான்னு துரை சட்டம். மலைக்கு அனுப்பிருவாங்க. ஸ்டோர்க்காரங்களுக்குக் குடுத்த இந்தக் காம்பராவும் போயிரும். பந்தும் போயிரும். பந்து போனா இவரு செத்துருவாரு."

"அப்ப நான் நாலு வருசமாக் கத்துனது?" என்றான் பக்கீர்.

இராயப்பன் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். "நீ கத்துவியா? என்னன்னு?"

"விடு, என்ட பந்துன்னு!"

இராயப்பன் சிரித்தான். கண்ணில் தண்ணி வரும்வரை சிரித்தான். சிசிலி அவன் முதுகில் ஒரு அடி வைத்தாள்.

"நான் வெளிய வாரது எப்பிடித் தெரியும் அப்ப?"

"முன்னால வர்றவன் கண்ணு சொல்லும். நீ கோலுக்குள்ள நின்னா அவன் கண்ணு எங்கிட்ட இருக்கும். நீ வெளிய வந்தா ஒரு தடவ என் தோளத் தாண்டும். எந்தத் தோளத் தாண்டுதோ அந்தப் பக்கமா வர்றே. நான் மறுபக்கம் ஒதுங்குவேன்."

"விசில்?"

"விசில் அடிச்சா இருவத்திரண்டு பேரு முழங்காலும் தொய்யும். இன்னைக்கி நம்மாளுக தொய்ஞ்சானுக, டவுன்காரன் தொய்யல. என்னடா இது புதுசா இருக்கேன்னு பந்த எடுத்தேன்."

"மெஷின்ல நிக்கிறது?"

"அது உள்ளங்காலுல பேசும். போன மாசம் ரெண்டாம் நம்பர் ரோலருக்குப் பேரிங் போவுதுன்னேன். ஸ்டோர நடத்துற டீமேக்கர் ஐயா காத வச்சுக் கேட்டாரு, ஒண்ணுமில்லன்னாரு. கழட்டிப் பாத்தா உள்ள குண்டு ரெண்டா ஒடஞ்சு கெடக்கு."

பக்கீர் அன்று மலையிறங்கும்போது கால் தரையில் பாவவில்லை. அடுத்த ஞாயிறு அவனும் எல்லார் முழங்காலையும் பார்த்து ஆடிப் பார்த்தான். முழங்கால்களை எண்ணிக்கொண்டிருந்தபோது பந்து அவன் காதோரமாகப் போய்க் கோலில் விழுந்தது. அதோடு அந்தப் படிப்பை விட்டான். ஆனால் கத்துவதை விடவில்லை. முன்னைவிடப் பலமாகக் கத்தினான். நின்றுபோனால் யாராவது ஏன் என்று கேட்பார்களே. கேட்காத காதுக்காக ஞாயிற்றுக்கு ஞாயிறு தொண்டை கட்டினான்.

ஐந்து வருடம் அப்படிப் போனது. நுவரெலியா, ஹட்டன் பக்கத்து டீம்கள் இராயப்பன் நிற்கும் பக்கமாகப் பந்தைக் கொண்டுபோவதையே விட்டுவிட்டன. இடப்பக்கமாகவே வந்து வந்து எங்கள் மைதானத்தில் அந்தப் பக்கம் மட்டும் புல் செத்துவிட்டது என்று ஜோர்ஜ் கிளாக்கர் சொல்வார்.

அவனுக்கு எதிரி ஒன்றே ஒன்றுதான். மூடுபனி.

1958இல் அக்கரப்பத்தனையில் கோப்பை ஆட்டம். இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் பனி இறங்கியது. பத்து அடிக்கு அப்பால் மனிதர்கள் நிழலாகிப் போனார்கள். ரெஃப்ரி ஒரு பொலிஸ் சார்ஜன். எங்கோ நடுவில் ஒருவன் தவறாக மோதியதற்கு விசில் அடித்தான். எல்லோரும் நின்றார்கள். அக்கரப்பத்தனை ஆட்டக்காரன் அழகுமுத்து மட்டும் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு சும்மா உருட்டியபடி நடந்தான். பனிக்குள்ளிருந்து தன் முன்னால் வந்தவனை இராயப்பன் பார்த்தான். வேறு முழங்கால் எதுவும் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை.

"அண்ணே நில்லு!" பக்கீர் ஓடினான். யாருக்குக் கத்துகிறோம் என்று தெரிந்தும் கத்தினான். பிடிப்பதற்குள் இராயப்பன் பந்தை எடுத்துவிட்டான். சுத்தமாகத்தான் எடுத்தான். ஆனால் எதிர்பாராமல் நடந்துகொண்டிருந்த அழகுமுத்து தடுக்கி விழுந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டு புரண்டான்.

"செவிட்டு நாயே! விசிலடிச்சது கேக்கல?" என்று கத்தினான் அழகுமுத்து.

கோபத்தில் வந்த வெறும் வசவு. சார்ஜன் அதைக் காதில் போட்டுக்கொண்டான். பழைய ஆட்டங்களில் இராயப்பன் விசிலுக்கு அரைக்கணம் பிந்தி நிற்பது அவனுக்கும் ஞாபகம் வந்தது. எழுதிக் கொடுத்துவிட்டான்.

பத்து நாளில் ஹட்டனிலிருந்து போட்டிக் கமிட்டியின் கடிதம் வந்தது. ஆட்டக்காரனுக்குக் காது கேட்கிறதா என்று நேரில் பரிசோதிக்க வேண்டும். கேட்காவிட்டால் இனி ஆட முடியாது, தோட்டத்துக்கும் அறிவிக்கப்படும். அந்தக் கடைசி வரியை ஜோர்ஜ் கிளாக்கர் வாசித்தபோது பக்கீர் நிலத்தைப் பார்த்தான்.

"என்னடா, நம்ம ராயப்பனுக்கா காது கேக்காது? நீ கத்துனா ஒதுங்குறானே!" என்றார் கிளாக்கர்.

"அதத்தானே நானும் சொல்றேன் ஐயா" என்றான் பக்கீர்.

கமிட்டி அறை ஒரு கடைக்கு மேல் மாடியில் இருந்தது. மரப்படி, பலகைத் தரை. படி முடியும் இடத்தில் கிளாக்கரும் பக்கீரும் சப்பாத்தோடு உள்ளே போனார்கள். வாசலில் நின்ற பியோன் இராயப்பனின் மார்பில் கையை வைத்தான்.

"தோட்டத்து ஆளுதானே? செருப்பக் கழட்டு. உள்ள துரை இருக்காரு."

இராயப்பன் ஹட்டனுக்கு வருவதற்காகவே வாங்கிப் போட்டிருந்த புதுச் செருப்பு. கழற்றி ஓரமாக வைத்தான். பக்கீருக்குக் காது சூடேறியது. கிளாக்கர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

உள்ளே மேசைக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் துரை, செயலாளர், இன்னும் இரண்டு பேர். ஓரத்தில் சார்ஜன், ஆணி அடித்த பூட்ஸோடு. செயலாளர் தமிழில் பேர் கேட்டார், வேலை கேட்டார். இராயப்பன் அவர் வாயைப் பார்த்து டக்டக்கென்று பதில் சொன்னான். பக்கீர் தப்பிவிட்டோம் என்று நினைத்தான். அவன் ஒரு திட்டமும் வைத்திருந்தான்: எதிரில் உட்கார்ந்துகொண்டு, விசில் ஊதினால் கண்ணைச் சிமிட்டுவது.

செயலாளர் எழுந்தார். "விசில் கேட்டா வலது கையைத் தூக்கணும். கேக்காட்டித் தூக்கக் கூடாது. விளங்குதா? இப்ப அந்தச் சுவரப் பாத்து நில்லு."

இராயப்பன் போய்ச் சுவரைப் பார்த்து நின்றான்.

பக்கீர் ஒன்பது வருடமாகப் பார்த்த முதுகுகளிலெல்லாம் அதுதான் மோசமான முதுகு. முன்னால் கண் இல்லை, முழங்கால் இல்லை, வெள்ளையடித்த சுவர் மட்டும். அந்த முதுகுக்குப் பின்னால் சிசிலி இருந்தாள், நாலு பிள்ளைகள் இருந்தார்கள், காம்பரா இருந்தது. பக்கீருக்குத் தெரிந்த ஓதல் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக நாக்கில் வந்து சிக்கின.

சார்ஜன் அறையின் நடுவுக்கு வந்து விசிலை ஊதினான்.

கை உயர்ந்தது.

பக்கீர் உட்கார்ந்திருந்த கதிரையை இறுகப் பிடித்துக்கொண்டான். தற்செயலா? சார்ஜன் செயலாளரைப் பார்த்துக் கண்ணடித்தான். விசிலை மெல்ல வாயில் வைத்தான், கன்னத்தை உப்பினான், ஊதவில்லை. வினாடிகள் போயின. கை அசையவில்லை. முதுகும் அசையவில்லை. எங்கோ கீழே தெருவில் ஒரு லொறி உறுமிக்கொண்டு போனது. அதற்கும் கை உயரவில்லை.

சார்ஜன் இரண்டு எட்டுப் பின்னால் போய், இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி மெதுவாக ஊதினான்.

கை உயர்ந்தது.

வெள்ளைத் துரை சிரித்து ஏதோ சொன்னார். சார்ஜன் விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "மெயாட்ட ஹொந்தட்ட எஹெனவா" என்றான் சிங்களத்தில். நன்றாகக் கேட்கிறது, விட்டுத்தள்ளுங்கள் என்று கையை விரித்தான். செயலாளர் பேனாவை எடுத்து எழுதினார். பக்கீர் எழுந்து நின்றான்.

படியிறங்கித் தெருவுக்கு வந்து, கிளாக்கர் பேப்பர் வாங்கக் கடைக்குள் போகும்வரை பக்கீர் பொறுத்திருந்தான். பிறகு இராயப்பனின் தோளைப் பிடித்துத் திருப்பினான்.

"அண்ணே. எப்பிடி?"

"பலகை" என்றான் இராயப்பன். "கனமான ஆளு. ஊதுறதுக்கு மூச்சு இழுத்தா குதிகால் எழும்புது. ஊதி முடிச்சா விழுது. ஆணி பூட்ஸு வேற. ரோலர் பேரிங்கவிடச் சத்தமாப் பேசுறான்."

"நடுவுல ஊதாம ஏமாத்துனானே!"

"அப்ப மூச்சு இழுக்கல. குதிகால் எழும்பல. நான் எதுக்குக் கையத் தூக்குறேன்?"

பக்கீர் அந்தக் குட்டை மனிதனை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். பார்வை செருப்பில் போய் நின்றது. இராயப்பனும் குனிந்து அதைப் பார்த்தான்.

"கழட்டச் சொன்னானே, மகராசன்" என்றான். "அவன் மட்டும் மரியாதையா உள்ள விட்டிருந்தா இன்னைக்கி என் பொழப்பு நாசம்."

இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டில் நின்று சிரித்தார்கள். பேப்பரோடு வந்த கிளாக்கர், என்ன பகிடி என்று கேட்டார். ஒருவரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் ஆறு வருடம் இராயப்பன் ஆடினான். பனி இறங்கினால் மட்டும் பக்கீர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கோலில் சுருண்டு விழுவான். எல்லோரும் ஓடி வருவார்கள், ஆட்டம் நிற்கும், அதற்குள் பனி விலகும். பஜார் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று தோட்டமே அவனுக்கு இரங்கியது. சமைத்துக் கொடுத்த ஹலீமாவுக்குத்தான் மகா கோபம்.

1964இல் இராயப்பனுக்கு முழங்கால் விட்டுப்போனது. மற்றவர்கள் முழங்காலைப் பார்த்து ஆடியவனுக்கு அவனுடையதே துரோகம் செய்தது. மெஷினில் மட்டும் நின்றுகொண்டிருந்தான். டீமேக்கர் மாறினாலும் பேரிங் பார்க்க ஆள் அவன்தான். இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டதால், இந்தியாவுக்குப் போகிறவர் யார், இருக்கிறவர் யார் என்று லயமெல்லாம் பேச்சாக இருந்த நேரம். பேக் இடத்துக்கு மாயாண்டி என்ற இளந்தாரி வந்தான். ஆறடி. நல்ல ஓட்டம். மலையின் அந்தப் பக்கம் கூப்பிட்டால் இந்தப் பக்கம் திரும்புவான், அப்படிக் காது.

முதல் ஆட்டத்தில் உயரப் பந்து வந்தது. பக்கீர் வெளியே பாய்ந்தான். "விடு! என்ட பந்து!"

மாயாண்டி நன்றாகக் கேட்டான். கேட்டுத் திரும்பிப் பார்த்தான். பார்த்தபடியே வந்து பக்கீரின் மூக்கில் மோதினான்.

இரண்டாவது தடவை தோளில். மூன்றாவது தடவை இரண்டு பேரும் சேற்றில் ஒன்றாக விழுந்தார்கள். பக்கீரின் புருவம் கிழிந்து ரத்தம் வடிந்தது.

"கத்துறேன்ல? காது கேக்கலையாடா ஒனக்கு?"

"கேட்டுச்சுண்ணே! கேட்டதுனாலதான் திரும்பினேன்!"

பக்கீர் எழுந்து உட்கார்ந்தான். கோட்டுக்கு வெளியே, ஜோர்ஜ் கிளாக்கருக்கும் புது டீமேக்கருக்கும் பக்கத்தில், கல்லில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான் இராயப்பன். பக்கீரின் வாயையும் மாயாண்டியின் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"டேய் பக்கீரு!" மைதானம் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டான். "எதுக்குடா இப்பிடிக் கத்துற? காது வலிக்கிதுடா எனக்கு!"

டீமேக்கர் தலையாட்டினார். ஆமாம், பெரிய தொண்டைதான் என்றார்.

பக்கீர் ரத்தத்தைத் துடைத்துவிட்டுக் கோலுக்குத் திரும்பினான். முன்னால் ஆறடி முதுகு ஒன்று நின்றது. அவன் அதைப் பார்க்கவில்லை. கோட்டோரக் கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.